திறக்காத மேய்ச்சல்

பேருந்திலிருந்து இறங்கிய இருவரின் கால்களைத்தான் ஹத்தூ முதலில் பார்த்தான். பழகித் தேய்ந்த பூட்ஸ். நல்லது. புது பூட்ஸ் போட்டுக்கொண்டு மலைக்கு வருகிறவர்களை இரண்டாம் நாளே முதுகில் சுமக்க வேண்டியிருக்கும்.

காஸாபிளாங்காவில் மருந்துக்கடை வைத்திருக்கும் இத்ரீஸ், அவர் மனைவி நயீமா. இருவரும் ஐம்பதைத் தாண்டியவர்கள். நான்கு நாள் பயணம். வேனில் பாதி, நடையில் பாதி. ஹத்தூ தானே திட்டம் போட்டு, தன் பொறுப்பில் ஒத்துக்கொண்ட முதல் பயணம் இது. பதினெட்டு வருஷம் ஈயச் சுரங்கத்தில் பாறை உடைத்தவன். சுரங்கத்தை மூடியபோது அவனுக்கு மிஞ்சியது இருமலும் இந்தப் பழைய வேனும்தான். இது நல்லபடியாக முடிந்தால் இவர்கள் நாலு பேரிடம் சொல்வார்கள். இல்லையென்றால் எவனாவது குழி தோண்டக் கூப்பிடுகிறானா என்று மறுபடி பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

தேநீர்க்கடையில் கண்ணாடிக் குவளைகளை ஓரமாகத் தள்ளிவிட்டு, சர்க்கரைக் கூம்பு சுற்றிவந்த நீலத்தாளை மேசையில் விரித்தான். அதன் வெளுத்த உள்பக்கத்தில் பென்சிலால் வழி போட்டிருந்தான்.

"மொத நாள் பள்ளத்தாக்கு வழியா ஏரி. ரெண்டாம் நாள் வேன்லயே கணவாய் ஏறி எங்க ஊரு. மூணாம் நாள் நடை. இந்த மேட்டைச் சுத்தி நடந்து சாயங்காலம் ஊருக்கே திரும்பிடுறோம். நாலாம் நாள் உங்களை இங்க கொண்டாந்து விட்டுருவேன்."

இத்ரீஸ் மேட்டின் மேல் விரலை வைத்தார். "இங்க ஒரு புல்வெளி இருக்குன்னு போன்ல பார்த்தேன். முழுக்கப் பூவா இருக்குமாமே. அதை எதுக்குச் சுத்திப் போறீங்க?"

"அது அடைச்ச மேய்ச்சல் சார். வசந்தத்துல அடைச்சாங்கன்னா ஜூலை பத்தாந்தேதிதான் திறப்பாங்க. அதுவரைக்கும் ஆடும் போகக்கூடாது, ஆளும் போகக்கூடாது."

"நாம நடக்கப்போறது பன்னெண்டாந்தேதி ஆச்சே?"

ஹத்தூ விரல் விட்டு எண்ணினான். சரிதான். பழைய கோட்டைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, புல்வெளியின் நடுவே புதுக் கோடு இழுத்தான்.

"மச்சான் போட்ட வழியா? நம்பிப் போகலாம் சார்" என்றான் மோஹா. ஹத்தூவின் மனைவிக்குத் தம்பி. இந்தப் பயணத்துக்குச் சமையல்காரன். "சுரங்கத்துக்குள்ளேயே வழி தெரியாம ரெண்டு நாள் படுத்துக் கிடந்தவரு."

"போய் வெங்காயம் வாங்கிட்டு வாடா."

வழி தெரியாமல் இல்லை. கூரை சரிந்து ஹத்தூ உள்ளே மாட்டிக்கொண்டான். எல்லோரும் வெளியே வந்தாயிற்று என்று கம்பெனிக்காரர்கள் கணக்கை முடித்துவிட்டார்கள். அவன் மனைவி இத்தோ மட்டும் சுரங்க வாசலை விட்டு நகரவில்லை. "என் ஆளு உள்ள இருக்கான்" என்று இரண்டு நாள் கத்தினாள். அவள் தொண்டை போன பிறகுதான் தோண்டினார்கள். ஊரில் அது இப்போது வேடிக்கைக் கதையாகிவிட்டது. ஹத்தூ மட்டும் அதற்குச் சிரிப்பதில்லை.

முதல் நாள் குறையில்லாமல் போனது. பள்ளத்தாக்கின் முனையில் போலீஸ்காரர் வேனை நிறுத்திப் பார்த்துவிட்டு ஹத்தூவைச் சுட்டிக் கேட்டார்: "இவரு யாரு?"

மோஹா பின்னாலிருந்து தலையை நீட்டினான். "இந்த ஆளா? எனக்குத் தெரியவே தெரியாது சார். பாவமா நின்னாரு, வழியில ஏத்திக்கிட்டோம்."

போலீஸ்காரர் சிரித்துவிட்டார். நயீமாவுக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. அன்று முழுவதும் அதுதான் பேச்சு. தேநீர் ஊற்றும்போது, "இவருக்கும் ஊத்தவா? யாருன்னே தெரியலையே" என்பான் மோஹா.

இரண்டாம் நாள் மாலை ஊருக்குள் நுழையும்போது இத்தோ வயலில் பார்லி அறுத்துக்கொண்டிருந்தாள். பாதி வயல் இன்னும் நின்றது. அரிவாளோடு சாலையோரம் வந்தாள்.

"நாளைக்கு எந்தப் பக்கம்?"

"மேட்டு வழி." மேட்டைச் சுற்றிப் போகும் வழி என்றே அவள் எடுத்துக்கொண்டாள்.

"தம்பியப் பார்த்துக்க. வாய்தான் அவனுக்கு நீளம், தைரியம் கம்மி."

பார்லி அடித்து முடித்த பிறகுதான் மேய்ச்சல் திறப்பார்கள். அறுப்பே முடியாத வயலை ஹத்தூ கண்ணால் பார்த்தான். ஆனால் பதினெட்டு வருஷம் சங்கு ஊதினால் எழுந்து, கம்பெனி நாள்காட்டியைப் பார்த்துச் சம்பளம் வாங்கிய மனசில் அது ஏறவில்லை.

மூன்றாம் நாள் விடிந்ததும் நடந்தார்கள். பத்து மணிக்கெல்லாம் கற்குவியல் வரிசையைத் தாண்டிவிட்டார்கள். இடுப்பளவு கல் அடுக்கி வைத்த எல்லை அது. அதற்கு அந்தப் பக்கம் புல்வெளி.

நயீமா வாயைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டாள். முழங்கால் உயரத்துக்குப் புல். மஞ்சளும் ஊதாவுமாகப் பூ. மலைகளுக்கு நடுவே ஒரு கிண்ணம்போல அது நிறைந்திருந்தது. நான்கு பேரும் இறங்கி நடந்தார்கள். இத்ரீஸ் படம் எடுத்துக்கொண்டே போனார்.

ஹத்தூ நடுவெளியில் நின்றான்.

ஆட்டுப் புழுக்கை இல்லை. கூடாரம் இல்லை. ஒரு நாய் குரைக்கவில்லை. திறந்து இரண்டு நாள் ஆன மேய்ச்சலில் ஆயிரக்கணக்கான குளம்பு பட்டிருக்க வேண்டும். இங்கே ஒரு புல்லும் மடங்கவில்லை. மடங்கியிருந்தது அவர்கள் நான்கு பேர் வந்த தடம் மட்டும்தான்.

நின்ற பார்லி அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

ஊரில் பத்தாந்தேதி என்றால் உழவர் கணக்குப் பத்தாந்தேதி. அது கம்பெனி நாள்காட்டிக்குப் பதின்மூன்று நாள் பின்னால் வரும். பால் குடிக்கும் பிள்ளைக்குக்கூடத் தெரிந்தது. திறப்புக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது.

"திரும்பலாம்" என்றான்.

"ஏன்? சாப்பாடு இங்கதானே?" இத்ரீஸ் பையை இறக்கினார்.

"தேதியத் தப்பா எண்ணிட்டேன் சார். இது இன்னும் திறக்கல. எடுங்க பையை."

மோஹா முகம் வெளுத்துச் சிரித்தான். "யாரு பார்க்கப் போறா மச்சான்? காவலுக்குத்தான் ஆளே இல்லையே."

உண்மைதான். கடைசிக் காவல்காரன் சேகூ பனிச்சரிவில் போய் ஆறு வருஷம் ஆகிறது. பனி உருகிய பிறகு உடல் கிடைத்தது. அவன் கவண் மட்டும் கிடைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வேலைக்கு யாரும் வரவில்லை. வராவிட்டாலும் யாரும் அத்துமீறவில்லை. ஏன் என்று ஊரில் யாரும் பேசியதுமில்லை.

வந்த தடத்திலேயே திரும்பினார்கள். ஐம்பது அடி நடந்திருப்பார்கள்.

சாட்டை சொடுக்கியதுபோல் ஒரு சத்தம். ஹத்தூவின் காலுக்கு ஒரு சாண் முன்னால் ஒரு கல் வந்து விழுந்தது.

கோழிமுட்டை அளவு. ஆற்றுக்கல். அந்த மேட்டில் ஆறே கிடையாது.

"யாருப்பா அது!" என்று இத்ரீஸ் கத்தினார். மலை அவர் குரலைத் திருப்பித் தரவில்லை.

ஹத்தூ இடப்பக்கம் நகர்ந்தான். சொடுக்குச் சத்தம். கல். காலுக்கு ஒரு சாண் முன்னால். வலப்பக்கம் போனார்கள். அங்கேயும் கல்.

மேய்ப்பர் ஊரில் பிறந்தவனுக்கு அது என்னவென்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆட்டுக்கு முன்னால் கல் விழுந்தால் நில் என்று அர்த்தம். குதிகாலுக்குப் பின்னால் விழுந்தால் நட. ஆட்டின் மேல் ஒரு நாளும் படாது. நல்ல மேய்ப்பனின் கை அது.

மலைமுகட்டிலிருந்து மேகம் இறங்கிற்று. நடுப்பகலில், பத்து நிமிஷத்துக்குள், கையை நீட்டினால் விரல் தெரியாத வெள்ளை. சுரங்கத்து இருட்டை ஹத்தூ பார்த்திருக்கிறான். அதில் கண்ணை மூடிக்கொண்டாலும் ஒன்றுதான், திறந்தாலும் ஒன்றுதான். இந்த வெள்ளையில் கண்ணை மூடப் பயமாக இருந்தது.

ஈரக் கம்பளி வாசனை வந்தது. நனைந்த ஆடுகள் நெருக்கியடித்து நிற்கும்போது வருமே, அந்த வாசனை.

ஆடு ஒன்றுகூட இல்லை.

"கையைப் பிடிச்சுக்குங்க. விடாதீங்க" என்றான்.

நயீமாவின் குதிகாலுக்குப் பின்னால் ஒரு கல் விழுந்தது. அவள் துள்ளி முன்னால் நடந்தாள். இன்னொரு கல். இத்ரீஸ் நடந்தார். அவர்கள் போகப் பார்த்த பக்கமெல்லாம் முன்னால் விழுந்தது. ஒரே ஒரு பக்கம் மட்டும் விழவில்லை. அந்தப் பக்கமே போனார்கள். வேறு வழி இருக்கவில்லை.

எவ்வளவு நேரம் நடந்தார்கள் என்று தெரியவில்லை. கடைசியில் ஹத்தூவின் முழங்கை கல்லில் இடித்தது. மார்பு உயரச் சுவர். பட்டி. அத்துமீறிய ஆடுகளைக் காவல்காரன் அடைத்துவைக்கும் வட்டப் பட்டி. அவர்கள் ஏற்கெனவே அதற்குள்தான் நின்றிருந்தார்கள்.

மோஹா சுவரில் ஏறக் கை வைத்தான். அவன் இரண்டு கைகளுக்கும் நடுவே ஒரு கல் தெறித்தது. இறங்கி உட்கார்ந்து முட்டியைக் கட்டிக்கொண்டான். அவன் பல் அடிப்பது எல்லோருக்கும் கேட்டது.

"அண்ணே, என்ன வேணுமாம் அவங்களுக்கு?" என்று நயீமா கிசுகிசுத்தாள். "குடுத்துடலாம். என்ன கேட்டாலும் குடுத்துடலாம்."

ஹத்தூ யோசித்தான். வழக்கம் அவனுக்குத் தெரியும். பட்டியில் அடைபட்ட ஆட்டை மீட்க உடையவன் வர வேண்டும். ஒவ்வொன்றாக வாசல் வழியே விடும்போது காவல்காரன் அதன் காதைப் பிடித்துக்கொண்டு கேட்பான், யாருது என்று. என்னுது என்று சொன்னால் விட்டுவிடுவான். தெண்டமாக உடையவன் ஊர்க்கூட்டத்துக்கு ஒரு ஆட்டை அறுத்துச் சோறு போட வேண்டும். அவ்வளவுதான். யாரும் என்னுது என்று சொல்லாத ஆடு காவல்காரனுக்குப் போகும். அதன் காதில் அவன் தன் அடையாளத்தை வெட்டிக்கொள்வான்.

"கேளுங்க" என்றான். "உங்களைக் கூட்டிட்டு வந்தவன் நான். ஒவ்வொருத்தரா வாசல்ல போங்க. கேள்வி வந்தா வாயத் திறக்காதீங்க, நான் பதில் சொல்றேன். மோஹா, நீ எனக்கு முன்னால போ. நான் கடைசி. என்னைப் பத்திக் கேட்டா 'எங்க ஆளு'ன்னு சொல்லு. ரெண்டே வார்த்தை. புரியுதா?"

"ம்."

"மாப்ள, விளையாட்டு இல்ல."

"சொல்றேன் மச்சான். சொல்றேன்."

வாசல் ஒரு ஆடு நுழையும் அகலம்தான். நயீமா பக்கவாட்டில் நுழைந்து நின்றாள். அவள் கழுத்து ஒரு பக்கமாகச் சாய்ந்தது, யாரோ காதைப் பிடித்து இழுத்ததுபோல்.

வெள்ளைக்குள்ளிருந்து, மிக அருகில், சலிப்பான ஒரு குரல்.

"யாருது?"

"என்னுது" என்றான் ஹத்தூ.

நயீமா வெளியே விழுந்து ஓடும் சத்தம் கேட்டது.

"யாருது?"

"என்னுது." இத்ரீஸ் போனார்.

மோஹா வாசலில் அழுதுகொண்டே நின்றான்.

"யாருது?"

"என்னுதுதான். என் பொண்டாட்டி தம்பி. விட்டுடு."

மோஹா போனான். ஹத்தூ வாசலில் கால் வைத்தான். கல்லிடுக்கு இரண்டு தோளையும் இறுக்கியது. சுரங்கத்தில் பாறை இறுக்கியதும் இப்படித்தான். ஈரக் கம்பளி வாசனை மூக்கை அடைத்தது. பனியைவிடக் குளிர்ந்த இரண்டு விரல்கள் அவன் இடது காதைப் பிடித்தன.

"யாருது?"

வெளியே யாரும் பேசவில்லை.

"மோஹா" என்றான் ஹத்தூ, மெதுவாக.

"யாருது?"

இரண்டடி தள்ளி மோஹாவின் மூச்சு கேட்டது. பிறகு அவன் குரல். நடுங்கி, உடைந்து, பழகிய வார்த்தைகளில் வந்தது.

"எனக்கு... எனக்குத் தெரியவே தெரியாது."

காதை விரல்கள் விடவில்லை. அவசரமில்லாமல் கத்தி மடிப்பைத் திறக்கும் சத்தம் கேட்டது.

அப்புறம் ஹத்தூ சரிவில் நடந்துகொண்டிருந்தான். வெயில் அடித்தது. மூன்று பேரும் கற்குவியல்களைத் தாண்டிக் கீழே தூரத்தில் ஓடிக்கொண்டிருந்தார்கள். காதைத் தொட்டுப் பார்த்தான். இரத்தம் இல்லை. வலி இல்லை.

 ஊருக்குள் வரும்வரை மோஹா அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. இரவு முழுவதும் நயீமா கணவன் கையை விடாமல் உட்கார்ந்திருந்தாள்.

மறுநாள் காலை அவர்களை ஏற்றிக்கொண்டு நகரத்துக்குக் கிளம்பினான். ஊர் எல்லைப் பாலத்தில் சக்கரம் ஏறும் நேரம் சொடுக்குச் சத்தம். வேனின் மூக்குக்கு ஒரு சாண் முன்னால் கல் விழுந்தது. ஆற்றுக்கல்.

நயீமா கதவைத் திறந்து குதித்துவிட்டாள். பைகளை எடுத்துக்கொண்டு இருவரும் பாலத்தை நடந்தே தாண்டினார்கள். அவர்களுக்கு முன்னால் எதுவும் விழவில்லை. அந்தப் பக்கம் காய்கறி லாரி ஒன்றை நிறுத்தி ஏறிக்கொண்டார்கள். இத்ரீஸ் மட்டும் ஒரு முறை திரும்பிப் பார்த்தார். கை காட்டவில்லை.

ஹத்தூ மறுபடி கிளப்பினான். கல். நடந்து பார்த்தான். கல். ஆற்றுக்குள் இறங்கிப் பார்த்தான். தண்ணீரைக் கிழித்துக்கொண்டு கல். வேனைத் திருப்பி வீட்டு வாசலில் நிறுத்தினான். அதற்குப் பிறகு அது அங்கேயே நின்றது.

அதற்கு மூன்றாம் நாள், அவனுக்குத் தலைமுடி வெட்டிவிட உட்கார்ந்த இத்தோ கத்திரியை நிறுத்தினாள்.

"இது எப்ப வெட்டினது?"

"எது?"

"காது. மேல ஒண்ணு, கீழ ஒண்ணு. ஆட்டுக்குப் போடுற மாதிரி." விரலால் தடவினாள். "பழசா ஆறிப்போய் முடியெல்லாம் முளைச்சிருக்கு. இருபது வருஷமா பார்க்குற காது. இந்த வெட்டு இருந்ததே இல்ல."

ஹத்தூ எல்லாவற்றையும் சொன்னான். இத்தோ அழவில்லை. கத்திரியைத் தரையில் எறிந்தாள்.

"ஜூலை பத்தா? யாரோட பத்து? கம்பெனியோட பத்தா? வயல்ல பார்லி நிக்குறத பார்த்தும் போனியே, கண்ணு எங்க வச்சிருந்த?" பிறகு குரலைத் தாழ்த்தினாள். "திறக்குற அன்னிக்கு நானும் வரேன். தெண்டம் போடலாம். நான் சொல்றேன், நீ யாருன்னு. அன்னிக்கு அந்தக் குழியில இருந்தே எடுத்தேன். இதுல இருந்து எடுக்க மாட்டனா?"

அந்த நாட்களை ஹத்தூ எண்ணி எண்ணிக் கடந்தான். மாலையில் ஊர் மேய்ப்பர்கள் சீட்டி அடித்தால் அவன் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்துவிடுவான். எழுந்தது தெரிந்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பான். மலைப் பக்கம் நடக்க மட்டும் காலுக்குத் தடையே இருக்கவில்லை.

உழவர் கணக்குப் பத்தாந்தேதி. கற்குவியல் வரிசையில் ஊரே திரண்டிருந்தது. முந்தின நாளே ஹத்தூ ஆட்டை அறுத்துச் சோறு போட்டாயிற்று. அப்போது ஊர்க்கூட்டத் தலைவர் பாஸ்ஸு எலும்பைச் சப்பிக்கொண்டே சிரித்தார். "காவலே இல்லாத மேய்ச்சலுக்குத் தெண்டம் கட்டுன மொத ஆளு நீதான்டா ஹத்தூ. வருஷா வருஷம் தப்பு பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். மோஹா சிரிக்கவில்லை. அவன் வந்து பக்கத்தில் நின்றான்.

"வாயில அதுதான் வந்துச்சு மச்சான். வேற எதுவுமே வரல."

"தெரியும்டா" என்றான் ஹத்தூ.

விடிந்ததும் பாஸ்ஸு கையை இறக்கினார். ஆயிரக்கணக்கான ஆடுகள் கற்களைத் தாண்டிப் புல்லில் பாய்ந்தன. நாய்களும் கழுதைகளும் பிள்ளைகளும் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். தூசி மெல்ல அடங்கியது. எல்லையில் ஹத்தூவும் இத்தோவும் மட்டும் நின்றார்கள். வானத்தில் ஒரு மேகம் இல்லை.

இத்தோ அவன் கையைப் பிடித்தாள். மலையைப் பார்த்து, சுரங்க வாசலில் கத்திய அதே குரலில் கத்தினாள்.

"இது என் ஆளு! கேக்குதா? எனக்குச் சொந்தம்! தெண்டம் கட்டியாச்சு! விட்டுடு!"

தூரத்தில் மேய்ந்த ஆடுகள் ஒரே நேரத்தில் தலை தூக்கின. நாய்கள் குரைப்பதை நிறுத்தின.

ஒன்றும் நடக்கவில்லை. இத்தோ மூச்சு விட்டாள். அவனைப் பார்த்துச் சிரித்தேவிட்டாள். "பாத்தியா" என்று அவன் கையை இழுத்துக்கொண்டு ஊர்ப்பக்கம் திரும்பினாள்.

ஈரக் கம்பளி வாசனை.

சொடுக்குச் சத்தம் கேட்டது. அவன் கையைப் பிடித்த அவள் கைக்கு ஒரு சாண் முன்னால், இரண்டு பேருக்கும் நடுவே, ஒரு கல் கீறிக்கொண்டு போய் மண்ணில் புதைந்தது. அவள் கை தானாக விட்டுவிட்டது.

இரண்டாவது கல், மலையைப் பார்த்தே நின்ற ஹத்தூவின் குதிகாலுக்குப் பின்னால் விழுந்தது.